பிள்ளை முன்னே, நாம் பின்னே



இந்தப் பக்கத்துக்கு வந்து சேரும் கடிதங்களில் அநேகமானவை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், வீட்டில் உள்ளவர்களின் சுகவீனத்தைப் பற்றியும், மாமி மருமகள் பிணக்குகளைப் பற்றியுமே இருக்கும். இம்முறை கிழக்குக் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு தாய் சற்று வித்தியாசமான ஒரு கவலையை எழுதி அனுப்பியிருக்கிறார்.

அவருடைய மகள் தரம் 10இல் படிக்கிறாள். பாடசாலையில் சுற்றாடல் முன்னோடிக் குழுவுக்குத் தலைவியாகத் தெரிவாகியிருக்கிறாள். பாடசாலைக்குள் லஞ்ச் சீட் பாவனையைக் குறைப்பதுதான் இந்த வருடத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. இரண்டு மாதம் கழிந்துவிட்டது. சுவரில் ஒட்டிய ஒரு சுவரொட்டியைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. பிள்ளை இரவில் வந்து, “உம்மா, என்ன செய்யச் சொல்லுங்க” என்று கேட்டு அழுகிறாளாம். வாப்பாவோ, “அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. குப்பை பொறுக்கவா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்?” என்று கோபப்படுகிறாராம். “நானே உட்கார்ந்து திட்டத்தை எழுதிக் கொடுத்துவிடட்டுமா? இல்லை, பிள்ளையைக் குழுவிலிருந்து விலக்கிவிடட்டுமா?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம், சகோதரி. எழுதிக் கொடுத்தால் அது உங்கள் திட்டமாகிவிடும். விலக்கிவிட்டால் தொடங்கியதை நடுவில் விட்டுவிடலாம் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்வாள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பிள்ளையை முன்னே நடக்கவிட்டு, நாம் இரண்டடி பின்னே நடப்பது. சொல்வதற்கு இலகுவான இந்தக் காரியம் செய்வதற்கு எவ்வளவு கடினமானது என்பதைப் பிள்ளைக்கு மிதிவண்டி ஓடப் பழக்கிய எல்லோரும் அறிவோம். பிடியை விடாதவரை பிள்ளை பழகாது. முற்றாக விட்டுவிட்டால் விழுந்து காயப்படும்.

இது குப்பை பொறுக்கும் வேலையா?

முதலில் வாப்பாமாரின் கேள்விக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மலை ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. குசினிகளில் கட்டி வாசலில் வைத்த பைகள்தான் வருடக் கணக்கில் சேர்ந்து மலையாகின.

அதே 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளானார்கள். 400க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். எறிந்த யோகட் கப்பிலும் சிரட்டையிலும் தேங்கிய மழைநீர் அந்த நுளம்புக்குப் போதுமாக இருந்தது.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு குப்பை மேட்டுக்குக் காட்டு யானைகள் இரை தேடி வருகின்றன. உணவின் வாசம் ஒட்டியிருக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. 2022இன் தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அவ்விடத்தில் அவ்வாறு இறந்திருந்தன. சோற்றுப் பார்சல் சுற்றிய தாளுக்கும் யானையின் வயிற்றுக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

சட்டம் இல்லாமலில்லை. 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக் உட்பட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பதும் அத்தோடு தடையாயிற்று. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி போன்றவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் சட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது. லஞ்ச் சீட் நம் குசினியில் விரிக்கப்படுகிறது. குசினிக்குள் வந்து நம் கையைப் பிடிக்க எந்த உத்தியோகத்தராலும் முடியாது. “உம்மா, நாளைக்குப் பெட்டியில் போட்டுத் தாங்க” என்று சொல்லும் பிள்ளையால் முடியும். ஆகவே இந்தப் பிள்ளைகள் எடுத்திருப்பது குப்பை பொறுக்கும் வேலையல்ல. பெரியவர்களால் முடியாமல் போன ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

படத்துக்கு நிற்கும் பிள்ளைகள்

ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம். அன்று நம் பாடசாலைகளில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பதாகையில் உள்ள வாசகத்தை ஆசிரியர் எழுதியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். பிரமுகர் வந்து மரக்கன்று நடுவார். படம் எடுக்கப்படும். எல்லோரும் கலைந்து போவார்கள்.

கிழக்கில் ஜூன் மாதம் கச்சான் காற்று வீசுகின்ற வறட்சிக் காலம். நம் பக்கத்துக்கு மழை வருவது ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு, மாரியோடுதான். ஜூனில் நட்ட கன்றுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் அது ஓகஸ்ட் விடுமுறைக்குள் காய்ந்துவிடும். அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று நடப்படும். “சேர், மாரிக்கு நட்டால் என்ன?” என்று கேட்க ஒரு பிள்ளைக்கு இடமிருந்தால் அந்த மரம் பிழைத்திருக்கும். கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விடயம் தெரியாமலா இருக்கும்? கேட்பதற்குத்தான் யாரும் இடம் வைக்கவில்லை.

ரொஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992இல் யுனிசெப் நிறுவனத்துக்காக எழுதிய நூலொன்றில் இதை ஓர் ஏணியாக விளக்கினார். அந்த ஏணிக்கு எட்டுப் படிகள். கீழேயுள்ள மூன்று படிகளில் பிள்ளைகள் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அவர்களுக்கு அங்கே பங்கில்லை. பெரியவர்களின் நோக்கத்துக்காகப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது முதலாவது. அலங்காரத்துக்கு நிறுத்துவது இரண்டாவது. பேருக்கு ஒரு பிள்ளையை மேடையேற்றி, சொல்லிக்கொடுத்ததைப் பேசவைப்பது மூன்றாவது. நான்காம் படியிலிருந்துதான் உண்மையான பங்களிப்பு தொடங்குகிறது. பிள்ளைக்கு விடயம் விளக்கப்படுகிறது, கருத்துக் கேட்கப்படுகிறது, முடிவெடுப்பதில் பங்கு கிடைக்கிறது. உச்சிப் படியில் பிள்ளைகளே தொடங்கிய வேலையில் பெரியவர்களும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள்.

உச்சிப் படியிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுவதை அவர் உயர்ந்த படியாகச் சொல்லவில்லை. நம் வீட்டிலும் பாடசாலையிலும் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

வாசலில் வந்த பன்னிரண்டு பேர்

1991ஆம் ஆண்டு ஆபிரிக்காவின் தன்சானியா நாட்டில், தாருஸ்ஸலாம் நகரில், உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் 12 பேர் சிம்பன்சி ஆராய்ச்சியாளரான ஜேன் குடோல் அம்மையாரின் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். தங்கள் ஊரைச் சூழ நடக்கும் அழிவுகளைக் கண்டு மனம் வெதும்பிய பிள்ளைகள் அவர்கள். என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவர் உடனே ஒரு திட்டத்தை எழுதிக் கையில் கொடுத்துவிடவில்லை. உங்களைப் போல் கவலைப்படும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், கூடிப் பேசுவோம் என்றார். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் ‘வேர்களும் முளைகளும்’ என்ற மாணவர் இயக்கம்.

அதன் அடிப்படை எளிமையானது. மனிதருக்கு நன்மை செய்யும் வேலை ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று, சுற்றாடலுக்கு ஒன்று. எந்த வேலை என்பதைப் பிள்ளைகளே தெரிவு செய்ய வேண்டும். 2025 ஒக்டோபரில் தமது 91ஆவது வயதில் அந்த அம்மையார் காலமானபோது அவ்வியக்கம் உலகின் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. விறாந்தைக்கு வந்த அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அது ஒரு மாதத்தில் முடிந்து போயிருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு அமைப்பு இல்லாமலில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடத்தும் சுற்றாடல் முன்னோடி நிகழ்ச்சித் திட்டம் பாடசாலைகளில் இருக்கிறது. படிப்படியாகப் பதக்கங்கள் உண்டு. உச்சியில் ஜனாதிபதி பதக்கம். பதக்கம் நல்லதுதான். ஆனால் பதக்கத்துக்காகக் கோவையில் படம் ஒட்டுவதோடு வேலை நின்றுவிடக்கூடாது. கோவை தடித்துக்கொண்டே போய், குப்பை குறையாமல் இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

முதலில் எண்ணச் சொல்லுங்கள்

இனி, அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? விடையைச் சொல்லாதீர்கள். கேள்வியைக் கொடுங்கள். முதல் கேள்வி: “உங்கட பாடசாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லஞ்ச் சீட் சேருது?”

பெரும்பாலும் “நிறைய” என்றுதான் பதில் வரும். ‘நிறைய’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் குறைக்க முடியாது. ஒரு வாரம், ஐந்து நாளும், இடைவேளை முடிந்த பின் வகுப்புக்கு ஒருவராக எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். கடையில் இரவல் வாங்கிய தராசில் குப்பைப் பையை நிறுத்துப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு, 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் 240 பேர் லஞ்ச் சீட்டில் சாப்பாடு கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை நடக்கும் நாட்கள் வருடத்துக்குச் சுமார் 200. அப்படியானால் ஒரு வருடத்துக்கு 48,000 தாள்கள். இந்தக் கணக்கைப் பிள்ளை தானே போட்டுக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும்போது, ஆயிரம் சுவரொட்டியால் ஆகாதது ஆகும்.

எண்ணும்போது இன்னொன்றும் வெளிப்படும். யார் கொண்டு வருகிறார்கள், ஏன் கொண்டு வருகிறார்கள் என்பது. சிலருடைய தாய்மார் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள். சிலர் கடையில் பார்சல் வாங்கி வருகிறவர்கள். சிலருக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்க வசதியில்லை. சிலர் பெட்டியைக் கழுவப் பஞ்சிப்படுகிறவர்கள். காரணம் நான்கு என்றால் மருந்தும் நான்காகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டும் பெரியவர் ஒருவர் அவசியம் தேவைப்படுகிறார். பிள்ளைகளின் ஆர்வம் சில வேளை கடுமையாகிவிடும். “லஞ்ச் சீட் கொண்டு வருகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவோம்” என்று ஒரு பிள்ளை சொல்லும். உடனே ஏசாமல் கேளுங்கள்: “பெட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையின் பெயரும் பலகையில் வருமே, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?” பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். பலகைக்குப் பதில், பழைய மாணவர்களிடமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பேசி, தேவையான பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாமல் பெட்டி கொடுக்கும் யோசனை அவர்கள் வாயிலிருந்தே வரும். கடைப் பார்சல் வாங்கும் பிள்ளை பெட்டியைக் கடைக்கே கொண்டு போகலாமே என்பார்கள். வாழையிலை உள்ள வீட்டார் இலையில் கட்டலாமே என்பார்கள். ஒருவரையும் வெட்கப்படுத்தாமல் ஊரைத் திருத்தப் பழகிய பிள்ளை நாளை எந்தச் சபையிலும் பேசத் தகுதியானவள்.

பெட்டியை யார் கழுவுவது என்பதையும் பிள்ளைகளிடமே கேளுங்கள். திட்டம் பிள்ளைகளுடையது, கழுவும் வேலை உம்மாவுடையது என்றால் அது நியாயமல்ல. கொண்டு போனவரே கழுவ வேண்டும்; மகனும் கழுவ வேண்டும்.

சிறியதாக, ஒரு தவணைக்குள்

“ஊரைப் பிளாஸ்டிக் இல்லாத ஊராக்குவோம்” என்று தொடங்கும் குழு மூன்றாம் வாரம் களைத்துவிடும். ஒரு தவணைக்குள் முடியக்கூடிய, முடிந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையை எடுக்கச் சொல்லுங்கள். தரம் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் லஞ்ச் சீட்டைப் பாதியாகக் குறைப்பது என்பது அப்படியான ஒன்று.

ஏறத்தாழப் பன்னிரண்டு வாரத்தை இவ்வாறு பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் பார்ப்பது, எண்ணுவது. மூன்றாம், நான்காம் வாரங்கள் கூடிப் பேசி முடிவெடுத்து, யார் எதை எப்போது செய்வது என்று எழுதுவது. அடுத்த ஆறு வாரம் செய்வது. பதினோராம் வாரம் மீண்டும் எண்ணுவது. கடைசி வாரம் கண்டதை எல்லோருக்கும் சொல்வது. முதலாம் எண்ணிக்கையும் கடைசி எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். அறிக்கை தானாக எழுதப்பட்டுவிடும்.

வேலையைப் பங்கிடும்போது வாயாடிப் பிள்ளைகளை மட்டும் நம்ப வேண்டாம். பேசக் கூச்சப்படும் பிள்ளை கணக்கில் கெட்டியாக இருக்கும். இன்னொன்று படம் வரையும். வகுப்பில் குழப்படி என்று பெயர் வாங்கிய பையன் கூட்டெருக் குவியலைக் கிளறுவதில் முதல் ஆளாக நிற்பான். பொறுப்புக் கிடைக்காததால்தான் சில பிள்ளைகள் குழப்படி செய்கிறார்கள்.

கதவுகளைத் திறந்து கொடுப்பது நம் வேலை. அதிபரைச் சந்திக்க நேரம் கேட்டுக் கொடுக்கலாம். பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்தில் பிழை பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் அறைக்குள் போன பிறகு பேச வேண்டியது பிள்ளைதான். அவள் திக்கினாலும் நாம் குறுக்கே பேசக்கூடாது. பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் அப்போது நாம் கொடுக்கும் பெரிய உதவி.

நாறினால் என்ன செய்வது?

வேலை பிழைத்துப் போகும் நாளும் வரும். லஞ்ச் சீட் வேலைக்குப் பிறகு பல குழுக்கள் கூட்டெரு செய்யத் தொடங்கும். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது மரக்கறித் தோலும் மீந்த சோறும் போன்ற உக்கும் பொருட்கள்தான் என்பதால் அது நல்ல தெரிவு. ஆனால் இரண்டாம் வாரம் குவியல் நாறும். பக்கத்து வகுப்பு டீச்சர் முறைப்பாடு செய்வார். பிள்ளைகள் முகம் வாடி வருவார்கள்.

அப்போது “நான் அப்போதே சொன்னேனே” என்ற வசனத்தை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். “ஏன் நாறுது என்று பார்ப்போமா?” என்று கேளுங்கள். குவியலுக்குள் காற்றுப் போகாமல் ஈரம் கூடினால் நாற்றம் வரும். மீனும் இறைச்சியும் எலும்பும் போட்டாலும் வரும். நாயும் எலியும் சேர்ந்து வரும். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு, மூன்று பங்கு போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் அடங்கும். மாறாக, குவியல் சூடேறாமல் கிடந்தால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை என்று அர்த்தம். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணியைப் போல் ஈரம் இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. ஒழுங்காகப் பார்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசம் வீசும் கறுத்த எரு கிடைக்கும். பிழைத்துத் திருத்திய பிள்ளை இதை வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

பெண் பிள்ளை வெளியே போவதா?

இனி, வாப்பாமாரின் இரண்டு தயக்கங்கள். படிப்பும் பாதுகாப்பும். இரண்டும் நியாயமான தயக்கங்களே, சிரித்துத் தள்ளக்கூடாது.

படிப்புக்கு: வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று முன்னமே பேசி எழுதி வையுங்கள். பரீட்சைக்கு முந்திய தவணையில் தலைமைப் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். எண்ணுவது, நிறுப்பது, வீதம் காண்பது கணிதம். உக்குவது விஞ்ஞானம். கடிதம் எழுதுவது மொழி. இவை புத்தகத்துக்கு வெளியே உள்ளவையல்ல.

பாதுகாப்புக்கு: வீடுகளுக்குப் போவதென்றால் மூவர் நால்வராக, பகல் வேளையில், ஊருக்குத் தெரிந்த ஒரு தாய் அல்லது டீச்சருடன் போகட்டும். உடைந்த கண்ணாடி, ஊசி, மருந்துக் கழிவுகளைத் தொடக்கூடாது. கையுறை வேண்டும். கானுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்குவது பிள்ளைகளின் வேலையல்ல. சேர்த்த குப்பைக்கு நெருப்பு வைக்கவே கூடாது.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு, சகோதரிகளே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்குப் பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் ஆண்கள் இல்லையென்றால் அவர் வாசலோடு திரும்ப வேண்டி நேர்வதுண்டு. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் தேங்கிய நீரையும், பின்வளவில் கிடக்கும் சிரட்டையையும் யார் பார்ப்பது? நம் மகள்மார் “மாமி, உள்ளே வரலாமா?” என்று கேட்டுக் குசினி வரைக்கும் போவார்கள். சாச்சியும் பெரியம்மாவும் அவர்களுக்குக் கதவு திறப்பார்கள். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்களே போதுமென்பதால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். இந்த ஒரு செய்தியை ஒரு மகள் இருபது வீட்டுக் குசினிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால், வைத்தியசாலைக் கட்டில்கள் சில வெறுமையாக இருக்கும். ஓர் உயிரேனும் மிஞ்சும். இந்த வேலையைப் பெண் பிள்ளைகளைப் போல் செய்ய வேறு யாரால் முடியும்?

கையளித்துப் போவது

நல்ல தலைவிக்குக் கடைசி வேலை ஒன்றிருக்கிறது. தான் போன பிறகும் வேலை நடக்கச் செய்வது. தரம் 11 பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போனதும் குவியல் காய்ந்து, கொப்பி தொலைந்து, அடுத்த குழு சுவரொட்டியிலிருந்து மீண்டும் தொடங்குவதைத்தான் பல பாடசாலைகளில் காண்கிறோம். தொடக்கத்திலேயே தரம் 8, 9 பிள்ளைகள் இருவர் மூவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கச் சொல்லுங்கள். எண்ணிய கொப்பியில் பிழைத்ததையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். “இதைச் செய்தோம், சரிவரவில்லை, காரணம் இது” என்ற ஒரு வரி அடுத்த குழுவுக்கு ஒரு தவணையை மிச்சப்படுத்தும்.

பிள்ளைகளின் வேலை வீட்டில் தொடர்வது நம் கையில் இருக்கிறது. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியைப் பொலித்தீன் பையில் வாங்காமல், சட்டியோ கேத்தலோ கொடுத்து அனுப்பலாம். கலியாண வீட்டில் சிறு தண்ணீர்ப் போத்தல்களை அடுக்காமல் குடமும் கிளாசும் வைக்கலாம். பாடசாலையில் ஒன்றைப் பேசிவிட்டு வரும் பிள்ளை வீட்டில் அதற்கு நேர்மாறானதைக் கண்டால், இரண்டில் எதை நம்புவது என்று அதற்குத் தெரியாமல் போகும்.

இந்த மாதம் உங்கள் பிள்ளையிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “உன்ட பாடசாலையிலோ நம்மட தெருவிலோ ஒன்றை மாற்றலாம் என்றால், நீ எதை மாற்றுவாய்?” கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். ஐந்து நிமிடமானாலும் பரவாயில்லை. பிள்ளை சொன்னதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். பிழைத்துப் போன கதையாக இருந்தாலும் எழுதுங்கள். மற்றத் தாய்மாருக்கு அதுவும் பாடமாகும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.